லெகோவில் டபிள்யூ.பி. நீராவி எஞ்சின், ஒரு மீட்டருக்கு மேல் நீளம்: சக்கரம், பாய்லர், மூக்கு எப்படி?

கரித்தொட்டி (கேள்வி)

வணக்கம். நம் அகலப்பாதையில் ஓடிய டபிள்யூ.பி. எஞ்சினை லெகோவில் பெரிதாகக் கட்டப் போகிறேன். 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் அனுப்பிய முதல் 16 எஞ்சின்கள் அல்ல. பிற்பாடு சித்தரஞ்சனில் செய்த வகை. கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் காட்சி மாடல்தான். ஆனால் சக்கரமும், சக்கரங்களை இணைக்கும் ராடும் சுற்ற வேண்டும்.

லெகோ தண்டவாளத்தின் அகலம் 37.5 மிமீ. நம் பாதை 1676 மிமீ. வகுத்தால் 1:45 வருகிறது. அதை இரட்டித்து 1:22.5 என்று வைத்துக்கொண்டேன். பெரிய சக்கரம் 67 அங்குலம், அதாவது 1702 மிமீ. இந்த அளவில் 75.6 மிமீ. லெகோவின் டெக்னிக் (இயங்கும் பாகங்களின் வரிசை) மோட்டார் சைக்கிள் ரிம் ஒன்று 75 மிமீ விட்டத்தில் இருக்கிறது. டயரைக் கழற்றிவிட்டு அதையே போடலாம் என்று எண்ணம்.

மூன்று சந்தேகங்கள்:

இந்த ரிம் சரிவருமா?

பாய்லரை எண்கோணமாக இல்லாமல் உருண்டையாக எப்படிக் கொண்டுவருவது?

அந்தத் தோட்டா மூக்கு. தட்டுத் தட்டாக டிஷ்களை (கிண்ணம் போன்ற வட்டப் பாகம்) அடுக்கிப் பார்த்தேன், இட்லிச் சட்டி மாதிரி வருகிறது. வேறு வழி உண்டா?

---

எட்டுமில்லி

முதலில் அளவை மாற்றுங்கள். 1:22.5 வேண்டாம், 1:21 எடுங்கள். காரணம் சொல்கிறேன்.

பெரிய எஞ்சின் மாடலில் அளவை முடிவு செய்வது தண்டவாளம் அல்ல, இணைச் சக்கரம்தான். பாய்லரை அரை ஸ்டட் (லெகோ குமிழ் அளவு; ஒன்று 8 மிமீ) கூட்டலாம், கேபை (ஓட்டுநர் அறை) குறைக்கலாம், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சக்கரத்தில் அந்தச் சலுகை இல்லை. எந்த வட்டப் பாகம் கையில் இருக்கிறதோ அதற்கேற்ற அளவில்தான் மற்றதெல்லாம் வர வேண்டும்.

ரிம்மின் விட்டம் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அகலம் 17 மிமீ. நிஜச் சக்கரத்தின் இரும்புப் பட்டை உங்கள் அளவில் 6 மிமீ சொச்சம்தான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது; முன்னாலிருந்து சாய்த்துப் பார்த்தால் ரோடு ரோலர். அந்தத் தடிமனால் ராடுகளும் வெளியே தள்ளப்பட்டு, சிலிண்டர் கேபை விட அகலமாகிவிடும்.

இப்போது 1:21இல் கணக்குப் போடுங்கள். சக்கரம் 1702 ÷ 21 = 81 மிமீ. பாதை 1676 ÷ 21 = 79.8 மிமீ. இரண்டுமே 10 ஸ்டட், 80 மிமீ! டபிள்யூ.பி.யில் சக்கர விட்டமும் பாதை அகலமும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால் கிடைக்கிற வரம் இது. சிலிண்டர் விட்டம் 20¼ அங்குலம், 24.5 மிமீ, அதாவது 3 ஸ்டட். பிஸ்டன் ஓட்டம் 28 அங்குலம். அதில் பாதி கிராங்க் (சக்கரத்தைச் சுற்றும் கை) நீளம், 16.9 மிமீ. 2 ஸ்டட் என்பது 16 மிமீ. ஒரு மில்லிமீட்டர் குறைவு, விட்டுவிடலாம். வரைபடத்தில் இருக்கும் எந்த மில்லிமீட்டரையும் 168ஆல் வகுத்தால் ஸ்டட் எண்ணிக்கை வந்துவிடும். டெண்டரோடு (கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டி) எஞ்சின் ஏறத்தாழ 24 மீட்டர், மாடல் 1.14 மீட்டர். கண்ணாடிப் பெட்டிக்கு இப்போதே அளவு எடுத்துக்கொள்ளலாம்.

80 மிமீ சக்கரம் இப்படி: 5×5 கால்வட்ட பிளேட் (3.2 மிமீ தடிமன் தட்டை பாகம்), உள்ளே 4×4 வெட்டு உள்ளது. நான்கு சேர்ந்தால் வெளிவிட்டம் 10, உள்விட்டம் 8 ஸ்டட் கொண்ட வளையம். இரண்டு அடுக்கு போட்டால் தடிமன் 6.4 மிமீ, பட்டைக்கு மிகச் சரி. ஒரு சக்கரத்துக்கு 8, ஆறு சக்கரத்துக்கு 48 கால்வட்டம். இங்கே ஒரு சிக்கல்: இரண்டு அடுக்கிலும் இணைப்பு ஒரே இடத்தில்தான் விழும், செங்கல் சுவர் போல மாற்றி வைக்க முடியாது. அதனால் பின்புறம் ஒரு 2×10 பிளேட்டைக் குறுக்கே போட்டு வளையத்தைக் கட்ட வேண்டும். அதன் நான்கு மூலையும் வட்டத்தைத் தாண்டி 0.8 மிமீ நீட்டும். பின்பக்கம் என்பதால் கண்ணுக்குப் படாது. தண்டவாளத்தில் தட்டாதிருக்கச் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். எஞ்சினின் எடையைப் பார்த்தாலும் அதைத்தான் செய்தாக வேண்டும்.

ஆரக்காலுக்கு எண்கோணக் கம்பி வளையம் உள்ள 2×2 வட்ட பிளேட்டை நடுவில் வைத்து, கிளிப் உள்ள குட்டைக் கம்பிகளைச் சுற்றிலும் மாட்டுங்கள். எட்டு ஆரம் கிடைக்கும். நிஜத்தில் அதைவிட அதிகம். ஆனால் எதிர்எடைப் பிறை இரண்டு மூன்று ஆரத்தை மறைத்துவிடும், ராடுகள் இன்னும் கொஞ்சம் மறைக்கும். பிறை எப்போதும் கிராங்க் பின்னுக்கு நேர் எதிரே. இதைத் தவறாக வைத்த மாடல்கள் ஏராளம். ரயில் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாய்லரையும் மூக்கையும் அடுத்தவர் சொல்லட்டும்.

---

சைடுராட்

சக்கர இடைவெளியை நினைவில் வையுங்கள். 80 மிமீ சக்கரங்களை 10 ஸ்டட் இடைவெளியில் வைத்தால் ஒன்றோடொன்று உரசும். 11தான் குறைந்தபட்சம். இங்கே ராடு கணக்கு சுவாரஸ்யமாகிறது.

முழுத் தடிமன் லிஃப்ட்ஆர்ம் (வரிசையாக ஓட்டையுள்ள டெக்னிக் பட்டை) நீளமானது ஒற்றைப்படை ஓட்டைகளில்தான் வரும்: 9, 11, 13, 15. 11 ஸ்டட் இடைவெளிக்கு 12 ஓட்டை வேண்டும், அது கிடையாது. இரண்டு தனி ராடுகளை நடுச் சக்கரப் பின்னில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினாலும் ஒரு ஸ்டட் தடிமன் வீணாகும். மேலே மெயின் ராட் (பிஸ்டனிலிருந்து வருவது), அதற்கும் மேலே திரும்பு கிராங்க் (வால்வு கியரை அசைக்கும் சிறு கை) என்று அடுக்கினால் மொத்த அகலம் 20 ஸ்டட், 160 மிமீ ஆகிவிடும். கேபை விட ராடு வெளியே நிற்கும்.

நிஜ எஞ்சின் செய்வதையே செய்யுங்கள்: இரண்டு ராடும் சேரும் மூட்டை நடுச் சக்கரப் பின்னுக்குப் பின்புறம் தள்ளுங்கள். முன் ராடு 15 ஓட்டை. 1ஆம் ஓட்டை முதல் சக்கரம், 12ஆம் ஓட்டை நடுச் சக்கரம், 15ஆம் ஓட்டை மூட்டு. மூட்டிலிருந்து கடைசிச் சக்கரம் வரை 8 ஸ்டட் தூரம். அதற்கு 9 ஓட்டை ராடு. இந்தப் பின் ராடு வெளித் தளத்தில் போகட்டும். மெயின் ராடும் அதே வெளித் தளம்தான், ஆனால் அது நடுச் சக்கரத்திலிருந்து முன்னோக்கிப் போகிறது, இது பின்னோக்கி. இரண்டும் சந்திக்காது. அகலம் 18 ஸ்டட்டுக்குள் அடங்கும்.

கிராங்குக்கு இரு முனையிலும் ஆக்சில் ஓட்டை உள்ள மெல்லிய 3 லிஃப்ட்ஆர்ம். முனைக்கு முனை 2 ஸ்டட். ஆறு வேண்டும். ஆக்சில் ஓட்டை ஏன் முக்கியம் என்றால், நடுச் சக்கரத்தில் கிராங்க் பின்னாக ஒரு 3 ஸ்டட் ஆக்சிலையே செருகப் போகிறோம்: கிராங்க் அரை ஸ்டட், சைடு ராட் ஒன்று, மெயின் ராட் ஒன்று, கடைசியில் திரும்பு கிராங்க் அரை. கூட்டினால் மிகச் சரியாக 3. ராடுகள் வட்ட ஓட்டையில் தளர்வாகச் சுற்றும், திரும்பு கிராங்க் ஆக்சில் ஓட்டையில் இறுகி நிற்கும். சாதாரணப் பின் போட்டால் திரும்பு கிராங்க் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்து, வால்வு கியர் ஒரே சுற்றில் சிக்கிக்கொள்ளும்.

முதல் சக்கரத்தில் தவறு செய்யாதீர்கள். மெயின் ராட் அதன் முகத்தை உரசிக்கொண்டு முன்னும் பின்னும் போகும். அங்கே எந்தப் பின்னும் ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டக் கூடாது. ஒரு பக்கம் ஆக்சில், மறு பக்கம் பின் என்றிருக்கும் வெளிர் பழுப்பு நிறப் பாகத்தைப் போடுங்கள். ஆக்சிலின் மிச்ச அரை ஸ்டட் உள்ளே, ஆரக்கால் இடுக்குக்குள் போகும். அதற்கு இடம் விட்டுச் சக்கரத்தைக் கட்டுங்கள். கடைசிச் சக்கரத்தில் 3 ஸ்டட் ஆக்சில்: கிராங்க், ஒரு முழு புஷ் (ஆக்சிலில் செருகும் வளையம்), ராடு, அரை புஷ். மூட்டில் உராய்வில்லாத சாம்பல் பின். கறுப்புப் பின் வேண்டாம், அது பிடிக்கும்.

சக்கர அச்சு இன்னொரு தொல்லை. இடது கிராங்கிலிருந்து வலது கிராங்க் வரை 12.6 ஸ்டட் வருகிறது. 12 ஆக்சில் எட்டாது, 16 நீட்டும். 5ஐயும் 8ஐயும் இணைப்பான் வைத்துச் சேர்த்தால் 13. இணைப்பானில் நூலளவு ஆட்டம் உண்டு. இரு பக்கக் கிராங்கும் 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும் என்பதால் அந்த ஆட்டம் ராடுகளை இழுக்கும். நல்லவேளை, ஆக்சில் சிலுவை வடிவம். 90 டிகிரி தானாகவே அமையும். ஓடவிட்டுச் சக்கரம் குதித்தால் முதலில் இணைப்பானைப் பாருங்கள், அடுத்து லிஃப்ட்ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று.

மோட்டார் ஒரே ஒரு அச்சை, நடு அச்சை மட்டும் சுற்றட்டும். மூன்று அச்சையும் பற்சக்கரத்தாலும் இணைத்து ராடாலும் இணைத்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் இறுகும். லெகோவின் எக்ஸ்.எல். மோட்டார் 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 சுற்று. 8 பல்லுக்கு 40 பல் போட்டால் 44 சுற்று. நிஜ எஞ்சினின் சக்கரம் அதே 44 சுற்று சுற்றினால் மணிக்கு 14 கிலோமீட்டர். பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பும் வேகம். காட்சிக்கு அதைவிட அழகு வேறில்லை. மோட்டார் ஃபயர்பாக்ஸுக்குள் (பாய்லரின் பின்முனை நெருப்பறை) உட்காரும், பேட்டரிப் பெட்டி டெண்டரில்.

குறுக்குத்தலை (பிஸ்டன் கம்பியும் மெயின் ராடும் சேரும் இடம்) ஓடும் கம்பிக்கு 4 ஸ்டட் ஓட்டமும் குறுக்குத்தலையின் நீளமும் சேர்ந்த இடம் வேண்டும். பிஸ்டன் கம்பி சிலிண்டருக்குள் போகவும் அதே 4 ஸ்டட் வெற்றிடம். சிலிண்டரை அழகாக அடைத்துக் கட்டிவிட்டு அப்புறம் உடைப்பது வழக்கமான தவறு.

---

அகலப்பாதை

பாய்லர். லெகோவில் 5 பிளேட் தடிமன் என்பது 2 ஸ்டட் அகலத்துக்குச் சமம்; இரண்டும் 16 மிமீ. இந்த ஒரு சமன்பாடு தெரிந்தால் உருண்டை பாய்லர் பாதி முடிந்த மாதிரி.

12 ஸ்டட் விட்டத்துக்குச் சொல்கிறேன். நடுவே 8 ஸ்டட் சதுரக் கூடு. அகலம் 8 ஸ்டட். உயரமும் அதே 64 மிமீ ஆக வேண்டும், அதாவது 20 பிளேட், 6 பிரிக்கும் 2 பிளேட்டும். நான்கு பக்கமும் பக்க ஸ்டட் உள்ள பிரிக்குகளை வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் 5 பிளேட் தடிமனுக்கு மேலோடு. 2 + 8 + 2 = 12. பக்க ஸ்டட்டுக்கு பிராக்கெட் வேண்டாம், அதன் செங்குத்துத் தகடு 1.6 மிமீ, அரை பிளேட். அந்த அரை பிளேட் எல்லாக் கணக்கையும் கெடுக்கும். பக்கத்தில் நான்கு ஸ்டட் உள்ள 1×4 பிரிக் சமதளமாக நிற்கும், அதையே வாங்குங்கள்.

மேலோட்டின் வளைவு எவ்வளவு? 6 ஸ்டட் ஆரத்துக்குக் கணக்குப் போட்டால், நடுக்கோட்டிலிருந்து 2 ஸ்டட் தள்ளி ஒரு பிளேட் இறக்கம் (0.86 என்று வரும்), 4 ஸ்டட் தள்ளி 4 பிளேட் இறக்கம் (3.8). ஆகவே நடுவில் 4 ஸ்டட் அகலத்துக்குத் தட்டை டைல், இரு புறமும் 2 ஸ்டட் நீள வளைவுச் சரிவு. நான்கு பக்கமும் இதே; 45 டிகிரியில் பக்கத்து மேலோட்டை ஏறத்தாழத் தொடும். அங்கே மயிரிழை இடைவெளி வரும். கறுப்பு நிறம் அதை விழுங்கிவிடும், அதனால்தான் நீராவி எஞ்சின் லெகோவுக்கு இவ்வளவு ஏற்றது. உள்கூட்டையும் கறுப்பிலேயே கட்டுங்கள். மிச்சமான சிவப்பு, மஞ்சளை உள்ளே போட்டால் விளக்கு வெளிச்சத்தில் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும்.

வரைபடத்தில் பாய்லர் 11 ஸ்டட் என்று வந்தால் யோசியுங்கள். பாதை 10, இரட்டை; பாய்லர் 11, ஒற்றை. நடுக்கோடு அரை ஸ்டட் விலகும். ஒரு ஸ்டட் மட்டும் நடுவில் இருக்கும் ஜம்பர் பிளேட்டுகளை ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்முனைப் புகைப்பெட்டி) அடியிலும் ஃபயர்பாக்ஸ் அடியிலும் போட்டுச் சரிக்கட்டலாம். ஆனால் முழு எடையும் ஜம்பரின் ஒற்றை ஸ்டட்டுகளில் நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வரும். பின் வைத்துப் பூட்டாமல் விடாதீர்கள்.

எடைக்கு வருகிறேன். ஒரு 2×4 பிரிக் 2.3 கிராம். ஒப்பீட்டுக்கு 2022இல் வந்த பெரிய ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் தொகுப்பு: 5129 பாகம், 118 செமீ, அதில் பயணிகள் பெட்டியும் சேர்த்தி. உங்களுடையது அதே நீளத்தில் அதைவிடப் பருமன். 6000 முதல் 7000 பாகம், 7–8 கிலோ என்று என் கணிப்பு. இந்த எடையைப் பிளாஸ்டிக் ஆக்சில் தாங்கும், ஆனால் வளைந்துகொண்டே தாங்கும். பல மாதம் நிற்கும்போது நிரந்தரமாக வளையும். எனவே சக்கரத்தில் எடையை வைக்கவே கூடாது. முன் போகிக்கும் (முன்னால் உள்ள சிறு சக்கரத் தொகுதி) முதல் பெரிய சக்கரத்துக்கும் இடையில் ஒன்று, ஃபயர்பாக்ஸ் அடியில் ஒன்று, கேப் அடியில் ஒன்று என மூன்று கறுப்புத் தூண்களை ஜல்லிப் படுகையிலிருந்து எழுப்பிச் சட்டத்தோடு பின் செருகிப் பூட்டுங்கள். சக்கரம் தண்டவாளத்துக்கு மேல் 1.6 மிமீ தொங்கட்டும். அந்த அரை பிளேட் உயரத்துக்கு பிராக்கெட் இப்போது உதவும். எட்டுமில்லி சொன்ன மூலைத் துருத்தலும் இதில் தப்பிக்கும்.

சட்டம் தொய்யாமலிருக்கப் பாய்லரின் உள்கூட்டையே உத்திரமாக்குங்கள். உத்திரத்தின் விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 64 மிமீ உயரக் கூடு, அடியில் இருக்கும் தட்டைச் சட்டத்தை விடப் பல மடங்கு விறைப்பானது. 1×16 டெக்னிக் பிரிக்குகளைக் கூட்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓடவிட்டு, இணைப்புகளை 8 ஸ்டட் மாற்றி வையுங்கள். நிஜ எஞ்சினில் பாய்லரை ஸ்மோக்பாக்ஸ் பக்கம் மட்டும் இறுக்கி, ஃபயர்பாக்ஸ் பக்கம் நகர விட்டிருப்பார்கள், சூட்டில் நீளும் என்பதால். நமக்குச் சூடு இல்லை, இரண்டு முனையிலும் பூட்டுங்கள்.

---

எட்டுமில்லி

மூக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. டிஷ் அடுக்கு ஏன் இட்லிச் சட்டி ஆகிறது என்றால், எல்லா அடுக்கும் முன்னோக்கி இருப்பதால். 12 ஸ்டட் விட்டம், 6 ஸ்டட் நீளம் உள்ள உருண்டை முனை என்று வையுங்கள். 15 பிளேட் அடுக்கு. பாய்லரை ஒட்டிய முதல் 5 அடுக்கில் விட்டம் 12லிருந்து 11.3 ஆகத்தான் குறைகிறது. ஒரு பிளேட்டுக்கு அவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தை ஸ்டட் கட்டத்தில் காட்டவே முடியாது. மாறாக கடைசி 3 அடுக்கில் 7.2லிருந்து பூஜ்யம்; படிகள் தடதடவென்று விழும்.

ஆகவே பின்பாதியில் ஸ்டட் வெளிநோக்கி, முன்பாதியில் ஸ்டட் முன்னோக்கி. பின்பாதி பாய்லர் மேலோட்டின் தொடர்ச்சியே, நான்கு பக்கமும் வளைவுச் சரிவு, இம்முறை சரிவு முன்னால் தாழ்கிறது. முன்பாதி நடுவில் ஒரு 6×6 டிஷ், அதன்மேல் ஒளிபுகும் 2×2 வட்டம் விளக்காக. சந்திக்கும் வளையத்தில்தான் வேலை இருக்கிறது. 45 டிகிரி மூலைகளுக்கு 2×2 வட்டமூலைச் சரிவுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். லெகோ கட்டுநர் புரூஸ் லோவெல் வகுத்த 6.8 ஸ்டட் உருண்டை தெரிந்திருந்தால் அதே தத்துவம்தான்: ஆறு முகம், ஒரு சதுரக் கரு.

டபிள்யூ.பி. மூக்கு சுத்தமான அரைக்கோளமல்ல, கூம்பும் கலந்தது. பக்கவாட்டுப் படத்தை 1:21இல் அச்சிட்டு, ஒவ்வொரு 3.2 மில்லிமீட்டருக்கும் ஒரு கோடு போட்டு விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் கட்டுவதற்கு முன் இந்தக் காகிதம் வேண்டும்.

நட்சத்திரத்தைச் செங்கல்லில் முயலாதீர்கள். இதழ் இதழாக வெட்டிய வினைல் ஸ்டிக்கர்தான். ஒரே தாளாக ஒட்டினால் வளைவில் சுருங்கும். அலங்காரம் ஷெட்டுக்கு ஷெட் மாறியது. குறிப்பிட்ட ஒரு எண்ணுள்ள எஞ்சினின் படத்தை வைத்துக்கொண்டு அதை மட்டும் பின்பற்றுங்கள்.

---

கரித்தொட்டி

மிக்க நன்றி மூவருக்கும். 1:21க்கு மாற்றிவிட்டேன், சக்கரம் உடனே கட்டத்தில் உட்கார்ந்தது. இரண்டு விஷயம் மட்டும். எப்போதாவது ஓட்டிக் காட்டலாம் என்றால் முடியுமா? அப்புறம், பாகங்களை எந்த வரிசையில் வாங்குவது?

---

அகலப்பாதை

1:21இல் ஓட்டம் வேண்டாம். தூணில் நிற்கும்படி கட்டியதைச் சக்கரத்தில் இறக்கினால் ஆக்சில் போய்விடும். ஓட்ட ஆசை என்றால் 1:45இல் இன்னொன்று கட்டுங்கள். அங்கே நம் அகலப்பாதைக்கு ஒரு அனுகூலம்: 1676 ÷ 45 = 37.2, லெகோ பாதை 37.5. ஐரோப்பிய எஞ்சின் கட்டுபவர்கள் 1435 மிமீ பாதையை வைத்துக்கொண்டு உடலின் அளவும் பாதையின் அளவும் ஒத்துப்போகாமல் தவிப்பார்கள். நமக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் லெகோ வளைவின் ஆரம் 40 ஸ்டட், 320 மிமீ. நிஜத்தில் 14.4 மீட்டர் ஆரம். எந்த விரைவு ரயில் எஞ்சினும் திரும்பாத வளைவு. நடுச் சக்கரத்தில் விளிம்பு இல்லாதது போட்டாலும் முன் போகி சிலிண்டரில் இடிக்கும். வேறு தயாரிப்பாளர்களின் 88 அல்லது 104 ஸ்டட் வளைவு வாங்கிய பிறகு யோசியுங்கள்.

---

சைடுராட்

வாங்கும் வரிசை: முதலில் ஒரு பக்கச் சக்கரம் மூன்று, கிராங்க், ராடு, ஒரு மோட்டார். வேறெதுவும் வேண்டாம். ஒரு பலகைச் சட்டத்தில் மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கணினி மென்பொருள் பாகங்கள் இடிப்பதைக் காட்டும். உராய்வையும் தொய்வையும் காட்டாது. ராடு ஓடிய பிறகு மறுபக்கம், பிறகு சட்டம், பாய்லர் கூடு, மேலோடு.

கறுப்பு மேலோட்டுப் பாகங்களைப் புதிதாகவே வாங்குங்கள், பழைய கறுப்பில் கீறல் பளிச்சென்று தெரியும். கூட்டுக்குப் பழையது போதும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பிரிக்குகளைக் கூட்டில் கலக்க வேண்டாம். ஒரு பிரிக்குக்கு 0.02 மிமீ வித்தியாசம் என்றாலும் 140 ஸ்டட் நீளத்தில் அது சேர்ந்து, பின் செருகும் ஓட்டைகள் நேராக வராது. 5×5 கால்வட்டம் 48 என்று எட்டுமில்லி சொன்னார். 56 ஆக வாங்குங்கள், ஒரு சக்கரத்துக்கான உபரி கையில் இருக்கும்.